பொறுத்தலும் வாழ்தலும்

இல்லத்தின் முன்கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்து, அதில் மீன்களை நீந்தவிட்டுக் கண்டு மகிழ்வது மலேசிய, சிங்கப்பூர் நகரங்களில் நெடுங்காலமாக வேரூன்றிய வழக்கம். பணி முடிந்து களைத்து வருவோர்க்கு அத்தொட்டியின் அசைவு அமைதி தருகிறது. சிறுவர்க்கு அது முதல் உயிரியல் பாடமாகிறது. மருந்தகங்களில் காத்திருக்கும் நோயாளர் தம் நோயைச் சிறிது நேரம் மறக்கவும் அது துணைசெய்கிறது. இத்தகைய இன்பத்தைப் பழித்தல் முறையன்று.

ஆயினும், அத்தொட்டிகளுள் சிலவற்றின்முன் நின்று எண்ணிப் பார்ப்பவர்க்கு ஒரு வினா எழாமற் போகாது. அங்கே நீந்துபவற்றுள் சில, ஆற்றுக்கு உரியனவும் அல்ல. ஆழ்கடலுக்கு உரியனவும் அல்ல. ஆறும் கடலும் கலக்கும் கழிமுகத்துக்கு உரியவை அவை. பிற உயிர்களை வேட்டையாடித் தின்பவை. உப்புநீரிலும் உப்பில்லா நீரிலும் உயிர்தரிக்க வல்லவை. அந்த வல்லமையையே காரணமாகக் காட்டி, குழாய்நீர் நிரப்பிய தொட்டியில் அவற்றை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கின்றனர். “இது நல்ல தண்ணீரிலும் இருக்கும்” என்று விற்பவர் கூறுகிறார். அச்சொல்லை நம்பி வாங்குபவர் மனநிறைவோடு வீடு திரும்புகிறார்.

‘இருக்கும்’ என்னும் அச்சொல்லே ஈண்டு ஆராயத்தக்கது. உயிரோடு இருத்தலும் வாழ்தலும் ஒன்றுதானா? ஓர் உயிர் ஒரு நிலையைப் பொறுத்துக்கொள்கிறது என்பது, அந்நிலையில் அதனை வைப்பதற்குப் போதிய நியாயம் ஆகுமா? சிறிய மீனைப் பற்றிய வினாவாகத் தோன்றினும், இது சிறிய வினா அன்று.

வினாவுக்கு விடை காணுமுன், அம்மீன்கள் பிறந்த இடத்தை அறிதல் வேண்டும். மலாய் மொழியில் ‘கோலா’ என்பது ஓர் ஆறு கடலோடோ மற்றோர் ஆற்றோடோ கூடும் இடத்தைக் குறிக்கும். கோலசிலாங்கூர், கோலத்திரங்கானு என ஊர்ப்பெயர்கள் பலவற்றில் அச்சொல் நிலைத்திருப்பதே, இந்நிலத்தின் வாழ்வில் கழிமுகம் பெற்றிருந்த இடத்தைக் காட்டும். பேராக் மாநிலத்தின் மாத்தாங் பகுதியில் ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்பில் சதுப்புநிலக் காடு பரந்து கிடக்கிறது. சிங்கப்பூரின் வடமேற்கில் உள்ள சுங்கை பூலோ 2002ஆம் ஆண்டு இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் நீர் ஒருபோதும் ஒரே தன்மையில் நிற்பதில்லை. கடல் ஏறும்போது உப்பு மிகும், வற்றும்போது குறையும். மலைப்பகுதியில் பெருமழை பெய்தால் கழிமுகம் சில நாள் ஆறாகவே மாறிவிடும். பாக்காவ் மரங்களின் வேர்களுக்கிடையே நீந்தும் மீன், ஒரே நாளுக்குள் இரு வேறு உலகங்களைக் கடந்து செல்கிறது.

அவ்வாறு கடப்பது எளிதான செயல் அன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. எலும்புடைய மீன்களின் குருதியில் உள்ள உப்போ ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே, கடலில் இருக்கும்போது மீனின் உடலிலிருந்து நீர் இடைவிடாது வெளியே இழுக்கப்படுகிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய மீன் கடல்நீரைக் குடிக்கிறது. மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. நன்னீரில் இந்நிலை தலைகீழாகிறது. அங்கே புறநீர் உடலுக்குள் புகுந்த வண்ணம் இருக்கும். உடலின் உப்பு கசிந்து வெளியேறிய வண்ணம் இருக்கும். மீன் நீர்த்த சிறுநீரை மிகுதியாகக் கழிக்கிறது. புறநீரில் இருக்கும் சிறிதளவு உப்பையும் செவுளின் உயிரணுக்கள் தேடிப் பிடித்து உள்ளிழுக்கின்றன. இவ்விரு வேலைகளையும் மாற்றி மாற்றிச் செய்யும் ஆற்றல் பெற்றவையே கழிமுக மீன்கள். இரண்டிற்கும் உடல் தன் ஆற்றலைச் செலவிட்டே ஆகவேண்டும். ‘தாங்கும்’ என்று கடைக்காரர் ஒரே சொல்லில் கூறி முடிப்பதன் உட்பொருள், ஓய்வொழிச்சலின்றி நடைபெறும் இவ்வுழைப்பே.

எனினும் எல்லாக் கழிமுக மீன்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் தவறாகும். மூன்று மீன்களை எடுத்துக்கொண்டு நோக்கினால் வேறுபாடு விளங்கும்.

முதலாவது, பச்சை உடலில் கரும்புள்ளிகள் கொண்ட பேத்தை மீன். மலாய்க்காரர் இவ்வினத்தை ‘இக்கான் புந்தால்’ என்பர். கடையில் அது கட்டைவிரல் நுனி அளவே இருக்கும். உருண்டைக் கண்களை உருட்டி, காண்போரைத் தொடர்ந்து வந்து, குழந்தைகளின் உள்ளத்தை ஒரு நொடியில் கவர்ந்துவிடும். வளர்ந்தால் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம் வரும். நன்கு பேணினால் பத்தாண்டுக்கு மேலும் உயிர்வாழும். இளமையில் அதனை நன்னீரிலும் காணலாம். வளர வளர அதற்கு உவர்நீர் வேண்டியிருக்கிறது. உப்பில்லாத் தொட்டியிலேயே நெடுங்காலம் வைக்கப்பட்டது எளிதில் நோய்க்கு இரையாகி, தன் காலத்துக்கு முன்பே மடிந்துவிடுகிறது என்பது அதனை வளர்த்தோர் பலரின் பட்டறிவு. அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நத்தை, நண்டு போன்ற ஓடுடைய இரையைக் கடித்து நொறுக்கினால்தான் அவை தேயும். மென்மையான உணவையே இட்டு வந்தால், பற்கள் நீண்டு, வாயைத் திறக்கவும் இயலாமல், உணவு கண்முன் கிடக்கப் பட்டினியால் மடியும். இம்மீனின் மரபணுத் தொகுதியை அறிவியலார் படித்தறிந்து 2004ஆம் ஆண்டு வெளியிட்டனர். முதுகெலும்புடைய உயிர்களுள் மிகச் சிறிய மரபணுத் தொகுதிகளுள் ஒன்று அது என்பதே அவர்கள் அதனைத் தேர்ந்தமைக்குக் காரணம். ஓர் உயிரின் அணுவுக்குள் எழுதப்பட்டதைப் படிக்கத் தெரிந்த மனிதன், அதன் தொட்டியில் ஒரு பிடி உப்பு இடவேண்டும் என்பதை அறியாதிருப்பது வியப்பிற்குரியது.

இரண்டாவது, மலாயில் ‘இக்கான் சும்பிட்’ எனப்படும் மீன். ‘சும்பிட்’ என்பது காட்டில் வேட்டையாடுவோர் நஞ்சு தோய்ந்த சிறு அம்பை ஊதிச் செலுத்தும் குழல். பெயருக்கேற்ப இம்மீன், நாவை மேலண்ணத்தின் பள்ளத்தோடு பொருத்தி, செவுள்மூடியைச் சட்டென்று இறுக்கி, நீர்த்தாரையை மேல்நோக்கிப் பீய்ச்சும். நீருக்குமேல் ஒரு மீட்டர் உயரத்தில் இலைமீது அமர்ந்துள்ள பூச்சியும் அதற்குத் தப்பாது. நீரிலிருந்து வானை நோக்கும் கண்ணுக்குப் பொருள்கள் இடம் மாறித் தோன்றும்; அப்பிழையையும் திருத்திக்கொண்டே அது குறிபார்க்கிறது. அடிபட்ட பூச்சி எங்கே விழும் என்பதை ஏறத்தாழப் பத்தில் ஒரு நொடிக்குள் கணித்து, அவ்விடம் நோக்கிப் பாய்கிறது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, பழக்கப்படுத்திய ஒரு மனித முகத்தைப் புதிய முகங்கள் பலவற்றிலிருந்து இம்மீன் பிரித்தறிய வல்லது என்று காட்டிற்று. இத்தகைய உயிரை, மேலே ஒரு சாண் வெளியும் இல்லாது மூடிய தொட்டியில் வைத்து, மிதக்கும் உருண்டைகளை உணவாக இட்டால், அது உண்ணும், உயிரோடும் இருக்கும். ஆனால், அதன் கண்ணும் வாயும் எதற்காக அமைந்தனவோ அதனைச் செய்ய ஒரு நாளும் வாய்ப்பு வாராது.

மூன்றாவது, உணவு மேசையில் யாவரும் அறிந்த சியாக்காப். தமிழில் அதனைக் கொடுவா என்பர். இதன் கதை வேறு. கழிமுகத்தை ஒட்டிய உப்புநீரில் பிறந்து, குஞ்சுப் பருவத்தில் ஆற்றின்வழி மேலேறி, நன்னீரில் சில ஆண்டு வளர்ந்து, இனம்பெருக்கும் காலத்தில் கடலை நோக்கித் திரும்புவது இதன் இயல்பு. முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர்ப் பெண்ணாக மாறும் விந்தையும் இதற்கு உண்டு. ஆகவே, இளஞ் சியாக்காப்புக்கு நன்னீர் பகை அன்று. அதன் வாழ்வின் ஒரு பகுதியே. ஆனால் இம்மீன் ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. நான்கடித் தொட்டியில் அது திரும்பவும் இயலாது. கடலுக்குத் திரும்ப வேண்டிய பருவம் வரும்போது அதன்முன் இருப்பது கண்ணாடிச் சுவர் மட்டுமே.

ஆக, பேத்தைக்கு நீரே குறை. சும்பிட் மீனுக்குச் செயலின்மை குறை. சியாக்காப்புக்கு வழியின்மை குறை. மூன்றையும் மறைக்கும் திரை ஒன்றே. மூன்றும் பொறுத்துக்கொள்கின்றன என்பதே அது.

பொறுத்தலை இசைவாகக் கொள்ளும் இம்மயக்கம் புதியதன்று. 1764ஆம் ஆண்டு, இலண்டன் வேத்தியற் கழகத்தின் ஏட்டில், பத்தேவியாவிலிருந்து வந்த ஒரு மீனைப் பற்றிய குறிப்பு வெளியாயிற்று. பத்தேவியா என்பது இன்றைய ஜக்கார்த்தா. அங்கிருந்த மருத்துவமனையின் மேற்பார்வையாளர் ஒருவர், நீர் பீய்ச்சி ஈயை வீழ்த்தும் மீனின் திறத்தைக் கேள்வியுற்று, அதனை நேரிற் காண விழைந்தார். அகன்ற தொட்டி ஒன்றில் கடல்நீர் நிரப்பி, மீன்களைப் பிடித்து அதில் விட்டு, நீரை ஒன்றுவிட்டு ஒருநாள் மாற்றி வந்தார். அவை அச்சிறைக்கு இணங்கிவிட்டனபோல் தோன்றிய பின்னர், தொட்டியின்மேல் கோல் ஒன்றை நிறுத்தி, அதில் ஈயைக் குத்திவைத்து, அவற்றின் வித்தையைக் கண்டு வியந்தார். அக்குறிப்போடு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட மீனோ, அவ்வித்தையை அறியாத வேறோர் இனம். இரண்டாண்டு கழித்தே, 1766இல், உரிய மீனைப் பற்றிய விளக்கம் வந்தது.

இந்நிகழ்ச்சியில் இரு செய்திகள் நினையத்தக்கன. வித்தையை வியந்தவர்கள், வித்தைக்குரிய உயிர் எது என்பதையே முதலில் அறியவில்லை. எனினும் அதனை வளர்த்தவர், கடல்நீரை நிரப்பவும் இடையறாது மாற்றவும் அறிந்திருந்தார். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், வடிகட்டியும் மின்விளக்கும் இல்லாத காலத்தில் ஒருவர் செய்த அக்கடமையை, எல்லாக் கருவிகளும் கைக்கெட்டும் இக்காலத்தில் செய்யாது விடுவதற்கு எது சமாதானம்? அவரிடமும் ஒரு குறை உண்டு. மீன்கள் சிறைக்கு ‘இணங்கின’ என்றது அவர் கண்ட தோற்றமே. அலைந்து மோதுவதை நிறுத்திய உயிர் இணங்கியும் இருக்கலாம், சோர்ந்தும் இருக்கலாம். புறத்தே நின்று காண்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

இங்கே மறுப்புகள் சில எழும். அவற்றை ஒதுக்கிவிட்டுச் செல்வது நேர்மையாகாது.

“மீனுக்குத் துன்பம் ஏது? அஃது உணர்வற்ற உயிர்” என்பர் சிலர். உயிர்களிடத்து மனிதனுக்குள்ள கடமையை அவற்றின் பகுத்தறிவைக் கொண்டன்று, துன்புறும் தன்மையைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்று 1789இல் வெளிவந்த நூலில் ஜெரமி பெந்தம் வாதிட்டார். மீனுக்கு அத்தன்மை உண்டா என்பதை ஆராய்ந்தோர் உளர். 2003ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வொன்றில், திரவுட் மீனின் முகத்தில் ஊறுணரும் நரம்புமுனைகள் இருப்பது கண்டறியப்பட்டது. உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உணவை வெறுத்தன. உதட்டைக் கற்களில் தேய்த்தன. அது மனிதன் உணரும் வலியை ஒத்ததுதானா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஐயம் எப்பக்கம் சாயவேண்டும் என்பதே அறத்தின் வினா. புதருக்குள் அசைவது விலங்கோ மனிதனோ என்னும் ஐயம் உள்ளபோது அம்பு எய்யாதிருப்பவனே நல்ல வேட்டுவன். தெரியாமை என்பது, தன் விருப்பம்போல் செய்வதற்குக் கிடைத்த உரிமைச் சீட்டாகாது.

“காட்டில் இருந்தால் இதனைப் பெரிய மீன் விழுங்கியிருக்கும்; தொட்டியில் பாதுகாப்பாக உள்ளதே” என்பது மற்றொரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. இயற்கை இரக்கமுடைய தாய் அன்று. ஆயிரக்கணக்கில் பிறக்கும் குஞ்சுகளுள் முதிர்பவை மிகச் சிலவே. ஆனால் கழிமுகத்தில் பெரிய மீனின் வாயில் விழும் குஞ்சுக்கு யாரும் பொறுப்பேற்றதில்லை. தொட்டிக்குள் கொண்டுவரப்பட்ட குஞ்சுக்கு ஒருவர் பொறுப்பேற்றுள்ளார். பசியும் பகையும் நீக்கினேன் என்று பெருமை கொள்பவர், தம்மால் வந்த குறைக்கும் கணக்குக் கூறக் கடமைப்பட்டவர். கள்வரிடமிருந்து ஒருவனைக் காத்தேன் என்பது, அவனைப் பட்டினி போடுவதற்கு நியாயமாகாது.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. “தொட்டியிலேயே வளர்ந்த சியாக்காப் கடலை நினைவில் வைத்திருக்கப்போவதில்லை. அறியாத ஒன்றை இழந்ததாக எவ்வாறு கூறலாம்?” என்பது அது. இழப்பை உணர்ந்தால்தான் இழப்பு என்று கொண்டால், இவ்வாதத்தை மறுத்தல் கடினம். ஆனால் மனிதர் வாழ்வில் எவரும் அவ்வாறு கொள்வதில்லை. எழுத்தறிவே பெறாத பிள்ளை, தான் படிக்காத நூல்களை எண்ணி ஏங்குவதில்லை. ஏங்காமையால் அப்பிள்ளைக்கு இழப்பில்லை என்று எந்த ஆசிரியரேனும் உரைப்பாரா? மீனுக்கும் பிள்ளைக்கும் உள்ள தொலைவு பெரிது. இரண்டையும் சமமென்று கூறுவது இங்கே நோக்கமன்று. ஓர் உயிரின் நலம் அதன் உள்ளத்து ஏக்கத்தால் மட்டும் அளக்கப்படுவதன்று. அதன் உடலும் இயல்பும் எதனை நோக்கி அமைந்தனவோ அதனாலும் அளக்கப்படுவது என்னும் அளவில் ஒப்புமை பொருந்தும்.

வேட்டை மீன்களை வளர்ப்பதில் இன்னுமொரு சிக்கல் உண்டு. அவற்றுக்கு இரை வேண்டும். சிலர் சிறு மீன்களை உயிரோடு வாங்கித் தொட்டியில் விட்டு, அவை துரத்தப்பட்டு விழுங்கப்படுவதை விருந்தினர்க்குக் காட்டுவர். “ஆற்றிலும் இதுதானே நடக்கிறது?” என்பது அவர்கள் கேள்வி. ஆற்றில் நடப்பதற்கும் அங்கு நடப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆற்றில் இரைக்கு ஓடும் வழி உண்டு. வேர்களின் இடுக்கு உண்டு. கலங்கிய நீரின் மறைவு உண்டு. நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அவற்றுள் ஒன்றும் இல்லை. பசித்த மீன் கொல்வதில் அறமும் இல்லை, மறமும் இல்லை. அஃது அதன் இயற்கை. இரையை எடுத்து உள்ளே இடும் கையோ இயற்கை அன்று. எண்ணிச் செயற்படும் கை. அக்கொலையைக் காட்சிப்பொருளாக்கும்போது, காண்போர் கற்பது மீனின் இயல்பை அன்று. பிறிதோர் உயிரின் அச்சத்தைக் கண்டு மகிழும் பழக்கத்தையே. இறந்த இறாலையும் சிப்பியையும் உண்ண இம்மீன்களுள் பெரும்பாலானவற்றைப் பழக்கலாம். கூண்டில் வைக்கப்பட்ட புலிக்கும் இறைச்சி வேண்டும் என்பது உண்மையே. அதனை எவ்வாறு அளிப்பது என்பது வளர்ப்பவரின் பண்பைக் காட்டும்.

இனி, பொறுத்தல் என்னும் பண்பைப் பற்றித் தமிழ் மரபு கொண்ட கருத்தையும் எண்ணிப் பார்க்கலாம். திருக்குறளில் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் அது பொறுப்பவனை நோக்கிக் கூறப்பட்டது. துன்பம் இழைப்பவனுக்கு அது புகலிடம் அன்று. அவனுக்கு உரியது இன்னாசெய்யாமை என்னும் அதிகாரம். பிறவுயிரின் நோயைத் தன் நோய்போல் எண்ணிக் காவாவிடின் அறிவினால் என்ன பயன் என்று வள்ளுவர் அங்கேதான் வினவுகிறார். அறிவையும் அருளையும் அவர் பிரித்து வைக்கவில்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. மீன் வளர்ப்புக்கு இது நேரே பொருந்தும். மீனுக்குக் குரல் இல்லை. நாய்போல் குரைத்தோ பூனைபோல் கத்தியோ தன் குறையைத் தெரிவிக்க அதனால் இயலாது. அதன் நிறம் மங்குவதும், செவுள் விரைந்து அசைவதும், மூலையில் ஒதுங்குவதுமே அதன் முறையீடு. அம்மொழியைக் கற்றவனே அதனைக் கேட்பான். ஆகவே, இங்கே கல்லாமை ஒரு குறை மட்டும் அன்று, குற்றமாகவே மாறிவிடுகிறது. எளிதில் மடியும் மீன், தன் சாவினால் வளர்ப்பவரின் பிழையை உடனே காட்டிவிடும். பொறுத்திருக்கும் மீனோ அப்பிழையை ஆண்டுக்கணக்கில் மறைத்துவிடும். எனவே, ஓர் உயிரின் பொறுமை பெருகப் பெருக, அதனை வைத்திருப்பவரின் கடமையும் பெருகுகிறது.

அக்கடமை செய்ய இயலாதது அன்று. பேத்தையை வாங்குவோர் முதலிலேயே அதன் முழு வளர்ச்சியை எண்ணித் தொட்டியைத் தேர்தல் வேண்டும். மீன்தொட்டிக்கென விற்கப்படும் கடலுப்பை அளந்து கலந்து, உப்பின் அளவு காட்டும் கருவியால் சோதித்து, மீன் வளர வளர உவர்ப்பைச் சிறிது சிறிதாக உயர்த்துதல் வேண்டும். ஓடுடைய இரையைத் தவறாது அளித்தல் வேண்டும். சும்பிட் மீனுக்கு நீர்மட்டத்தைத் தாழ்த்தி, மேலே வெளி விட்டு, அவ்வப்போது பூச்சியைச் செடியிலோ கண்ணாடியிலோ வைத்து, அதன் வித்தைக்கு வேலை தருதல் வேண்டும். சியாக்காப்பைப் பொறுத்தவரை, வீட்டுத் தொட்டி அதற்கு ஏற்ற இடம் அன்று என்று உணர்ந்து வாங்காது விடுதலே அறம். வேண்டாம் என்று கூறுவதும் அன்பின் ஒரு வடிவந்தான்.

வளர்க்க முடியாமற் போனபின் ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடுவதைச் சிலர் புண்ணியம் என்று கருதுகின்றனர். அது பிழையைப் பிழையால் மூடும் செயலாகும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மயில் பாஸ் என்னும் வேட்டை மீன், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நீர்த்தேக்கங்களில் குடியேறிப் பெருகியுள்ளது. உள்நாட்டுச் சிறுமீன்கள் அதற்கு இரையாகின்றன. தொட்டியில் பிறர் கண்ணுக்குப் படாத பொறுப்பின்மை, நீர்நிலையில் எல்லார்க்கும் உரிய கேடாக விரிகிறது. இயலாதபோது, வளர்க்க வல்ல வேறொருவரிடமோ கடையிடமோ ஒப்படைப்பதே தக்கது.

மீன்தொட்டியில் கற்ற பாடம் மீன்தொட்டியோடு நின்றுவிடுவதில்லை. தோட்டப்புறத்தில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரை மகன் நகரத்தின் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வருவது, பல குடும்பங்களில் நிகழ்வது. உணவு உண்டு; மருந்து உண்டு; மின்விசிறி உண்டு. “அம்மா ஒரு குறையும் சொல்வதில்லை, நன்றாகத்தான் இருக்கிறார்கள்” என்று மகன் மனநிறைவோடு கூறுகிறான். அவன் அன்பில் பொய் இல்லை. ஆனால் காலையில் எழுந்து கோழிக்கு இரை போட்டுப் பழகிய அக்கைகளுக்கு இங்கே என்ன வேலை என்று அவன் எண்ணிப் பார்த்ததில்லை. வகுப்பறையிலும் இத்தகையோர் உளர். குறும்பு செய்யும் மாணவனை ஆசிரியர் ஒரு நாளைக்குப் பத்து முறை நோக்குகிறார். பின்வரிசையில் அமைதியாக இருந்து, எழுதச் சொன்னதை எழுதி, கேள்வியே கேட்காது எழுந்து செல்லும் மாணவியை ஆண்டு முழுதும் ஒரு முறையும் நோக்குவதில்லை. அவள் தொல்லை தரவில்லை. ஆகவே அவளுக்குத் தொல்லை இல்லை என்று கொள்ளப்படுகிறது.

மூதாட்டிக்கும் மாணவிக்கும் வாய் உண்டு, கேட்டால் சொல்வர். மீனுக்கு அதுவும் இல்லை. கேளாமலே அறிந்துகொள்ளும் பயிற்சியை அதனிடமிருந்தே ஒருவர் பெறலாம். பேத்தை மீனின் மங்கிய நிறத்தைக் கண்டு ‘இதற்கு என்ன குறை?’ என்று வினவப் பழகிய சிறுவன், நாளை தன் தாயின் அமைதியையும் தன் மாணவரின் அமைதியையும் அவ்வாறே வினவக்கூடும். வீட்டுத் தொட்டி அத்தகைய பள்ளியாகுமானால் அது போற்றத்தக்கதே.

கழிமுகத்தில் இன்றும் கடல் ஏறுகிறது, இறங்குகிறது. பாக்காவ் வேர்களுக்கிடையே சும்பிட் மீன் இலையடியில் நின்று குறிபார்க்கிறது. அதன் உடல் உப்பைத் தாங்குவதும் நன்னீரைத் தாங்குவதும் அங்கே தன் வழியைத் தானே தேடிச் செல்வதற்காக அமைந்த ஆற்றல். அதே ஆற்றலை, அதனை எங்கு வேண்டுமாயினும் வைக்கலாம் என்பதற்குச் சான்றாக மாற்றியது மனிதனின் வசதியே. இதனை உணர்ந்தவர் கடைக்குச் சென்றால், “இது நல்ல தண்ணீரில் இருக்குமா?” என்று கேட்டு நிறுத்தமாட்டார். “இது எந்த நீரில் வாழும்?” என்று கேட்பார். விடை தெரியும்வரை, கையிலுள்ள பணத்தைக் கொடுக்காமலும் இருப்பார்.